காரணம் என்ற கட்டம்

போன புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஜெயந்தி போன் செய்தாள். அருப்புக்கோட்டையில் நான் இருபத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இப்போது கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"அக்கா, ஜாப் என்ட்ரி போட புது சாஃப்ட்வேர் வந்திருக்கு. அதுல 'யாரால் ஏற்பட்டது'ன்னு ஒரு கட்டம். அதை நெரப்பலேன்னா அடுத்த பக்கம் போக மாட்டேங்குது. நீங்க இருந்தப்ப அதுல என்னக்கா போடுவீக?"

"என்ன கேஸு?"

"கல்யாணப் பத்திரிகைன்னு ஒருத்தருக்குப் போன்ல வந்திருக்கு. தொறந்து, கேட்டதுக்கெல்லாம் சரி சரின்னு அமுக்கிட்டாரு. பத்திரிகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்ப போன் தானா எல்லாருக்கும் அதே பத்திரிகையை அனுப்புது. அவரு சம்சாரம் பக்கத்துலயே நிக்கிது. 'இவுக பேரை எழுதுங்க, நல்லாப் பெருசா எழுதுங்க'ங்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "இப்போதைக்கு ஒரு கோடு மட்டும் போட்டு வை. மத்ததை எழுதி அனுப்புறேன்" என்றேன். எழுத உட்கார்ந்தபோது நாலு வரியில் முடியாது என்று தெரிந்தது. அதனால் இது நீண்டுவிட்டது.

நான் கடையில் சேர்ந்தது கார்டு எழுத. பி.காம். முடித்து, ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்திருந்தேன். கையெழுத்து நன்றாக இருந்தது. வருகிற மிஷின்களுக்குக் கார்டு எழுதிக் கட்டிவிடுவதுதான் முதல் ஒன்றரை ஆண்டு வேலை. பிறகு திருப்புளி கைக்கு வந்தது, பிறகு சாமான் பை, பிறகு வீடுகளுக்குப் போகிற வேலை. போன பங்குனியில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று டாக்டர் சொன்ன பிறகு குனிந்து செய்கிற எந்த வேலையும் கூடாது என்று ஆகிவிட்டது. ஐம்பத்து மூன்று வயதில் வீட்டில் இருக்கிறேன். பத்தொன்பது நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. எந்த வீட்டு மிஷினில் என்ன பார்த்தேன், என்ன செய்தேன், எத்தனை மணிக்கு முடித்தேன் என்று அவற்றில் இருக்கிறது.

கடை முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி. முதலாளி என்று யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டால் திரும்பவும் மாட்டார். ஒரு மிஷினைத் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிறகு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எதையும் தட்டமாட்டார். கொண்டுவந்தவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "என்ன பண்ணுது?" நீங்கள் என்ன பண்ணினீர்கள் என்று கேட்கவே மாட்டார். "அப்படிக் கேட்டா யாரும்மா உள்ளதைச் சொல்லுவா? மிஷினைப் பத்திக் கேளு. அவுகளைப் பத்தி அவுகளே சொல்லிருவாக" என்பார்.

கடையின் கார்டு மஞ்சள் அட்டை. பெயர், மிஷின், குறை, காரணம், செய்த வேலை, கையெழுத்து என்று ஆறு கட்டம். சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு கார்டில் காரணம் என்ற கட்டத்தில் 'இளைய மகன் கேம் ஏற்றியது' என்று எழுதினேன். உண்மைதான் அது. குறை என்னவென்று ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்த பெருமையும் இருந்தது. நாலு நாள் கழித்து அந்தப் பையனின் அப்பா வேறு வேலையாகக் கடைக்கு வந்தவர், "நீங்க எழுதிக் குடுத்த அன்னிக்கே பெல்ட்டை எடுத்துட்டேம்மா. இனிமே அந்தப் பக்கமே போகமாட்டான்" என்று எனக்கு நன்றி சொன்னார்.

அவர் போன பிறகு அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. புதிய கார்டு ஒன்றை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் 'தெரியாத புரோகிராம்' என்று பென்சிலால் எழுதி என் பக்கம் நகர்த்தினார். "காரணம்னா பொருளும்மா. ஆளு இல்ல." அவ்வளவுதான் சொன்னார். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு என் கையால் அந்தக் கட்டத்தில் ஒரு மனிதர் பெயரை எழுதியதில்லை.

ஆனால் பெயர் எழுதிய கார்டு ஒன்று இருக்கிறது. கடையின் கார்டுகளிலேயே அது ஒன்றுதான். அதைப் பற்றித்தான் ஜெயந்திக்குச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ட்ரோஜன் என்றால் என்ன என்பதை எழுதிவிடுகிறேன். எங்களிடம் வந்தவர்கள் எல்லாவற்றையும் வைரஸ் என்றுதான் சொல்வார்கள். வைரஸ் ஒரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து அடுத்த ஃபைலுக்குத் தானாகப் பரவும். ட்ரோஜன் அப்படி வராது. நமக்கு வேண்டிய ஒரு பொருளின் பெயரில் வந்து வாசலில் நிற்கும். நாமே கதவைத் திறந்து உள்ளே வைக்க வேண்டும். வந்த பிறகு சத்தம் போடாது. மிஷின் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். உள்ளிருந்தபடி வெளியில் இருக்கும் ஒருவனுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும். அவன் பாஸ்வேர்டை எடுப்பான், நம் பெயரில் கடிதம் அனுப்புவான். அதனால் ஒரு வீட்டில் ட்ரோஜன் இருக்கிறது என்றால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் எதற்கோ ஆசைப்பட்டுக் கதவைத் திறந்திருக்கிறார் என்று அர்த்தம். இந்த வேலையின் கஷ்டமெல்லாம் அங்கேதான்.

ஒன்பது ஆண்டுக்கு முன் ஓர் ஆவணி வெள்ளிக்கிழமை. திருச்சுழியிலிருந்து கணேசன் என்பவர் கடைக்குப் போன் செய்தார். கோயம்புத்தூரில் மில்லில் வேலை, லீவு போட்டு வந்திருக்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு, இன்றைக்கே பார்க்க வேண்டும் என்றார். அண்ணாச்சி அவரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு என்னிடம், "நீ போம்மா. அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பேச ஒரு பொம்பளை ஆளு வேணும்" என்றார். ஒன்பதரை பஸ் பிடித்துப் போனேன்.

தாலுகா ஆபீஸ் தாண்டி இரண்டாவது தெரு. கணேசனின் அம்மா வாசலில் முறத்தில் கொத்தமல்லி புடைத்துக்கொண்டிருந்தார்.

"வா தாயி. மிஷினைப் பாக்க வந்தியா, மருமகளைப் பாக்க வந்தியா?"

"மிஷினைத்தான்மா."

"ரெண்டும் ஒரே எடத்துலதான் இருக்கு. போய்ப் பாரு."

உள்ளே கம்ப்யூட்டர் மேஜை அருகே மருமகள் மகேஸ்வரி நின்றிருந்தாள். இருபத்தெட்டு வயது இருக்கும், காரியாபட்டிப் பெண். அருப்புக்கோட்டை அச்சகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுப்பவள். மேஜைக்குக் கீழே துணிகள் அடுக்கிய கட்டைப்பை ஒன்றும், ஜிப் மூட முடியாத பெரிய பை ஒன்றும் இருந்தன.

"என்ன பண்ணுது?" என்று கேட்டேன்.

மகேஸ்வரி பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். மூன்று வாரமாக மிஷின் மெதுவாக இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் மோடத்தின் சின்ன விளக்கு ஓயாமல் மினுங்குகிறது. ஒரு தடவை மவுஸின் அம்பு தானாக நகர்ந்து போனது. மூலையில் இருந்த ஆன்டிவைரஸ் படம் காணோம். போன திங்கட்கிழமை அவளுடைய மெயிலிலிருந்து, முன்பு கல்யாண போட்டோ அனுப்பியிருந்த உறவுக்காரர்கள், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு மெயில் போயிருக்கிறது. 'ஹாய் டியர், என்னோட புது போட்டோ பாருங்க' என்று இங்கிலீஷில். கீழே ஒரு லிங்க்.

"எல்லாருக்கும்னா?"

"எங்க பெரிய மாமனாருக்கு. அவுக மகனுக்கு. என் பத்தாங்கிளாஸ் வாத்தியாருக்கு. வீரசோழன்ல மாமாகிட்ட மல்லி வாங்குற பாய்க்கு." நிறுத்தினாள். "பாய்தான்க்கா மொதல்ல போன் பண்ணுனாரு. 'எம் மக மாதிரி நீ, நான் அழிச்சுட்டேன், மிஷினைப் பாருங்க'ன்னாரு. மத்தவுக ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிட்டாக. நேத்து காரியாபட்டியில ஒரு கல்யாணம். பந்தியில யாரோ பின்னாலருந்து 'ஹாய் டியர்'ன்னான். எங்கத்தை பக்கத்துல உக்காந்திருந்தாக."

மீதியை வாசற்படியில் நின்ற கணேசன் சொன்னார். அம்மா காரியாபட்டிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மகேஸ்வரியின் அப்பா வந்து கூட்டிப்போகிறார். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார் கணேசன், தரையைப் பார்த்துக்கொண்டு. மகேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான் முதலில் மோடத்திலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கினேன்.

"அதை ஏன் புடுங்குறீக?" கதவோரம் இருந்து ஒரு குரல். கணேசனின் அப்பா சோலைச்சாமி. மேல்துண்டு போட்ட ஒல்லியான மனிதர், அறுபத்தைந்து வயது இருக்கும்.

"உள்ள இருக்கிறது வெளிய பேசிக்கிட்டே இருக்கும்யா. மொதல்ல பேச்சை நிறுத்தணும்."

தலையாட்டிவிட்டு நகர்ந்துபோனார்.

இரண்டாவது, அந்த மிஷினில் ஒரு பாஸ்வேர்டையும் தட்டக் கூடாது. என் லேப்டாப்பில் இன்டர்நெட்டுக்கு டேட்டா கார்டு போட்டு, மகேஸ்வரியை அதில் மெயிலைத் திறக்கச் சொன்னேன். அவள் பாஸ்வேர்டு அடிக்கும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுப்பிய மெயில் பட்டியலில் திங்கட்கிழமை காலை 11.12க்கு நாற்பத்தோரு மெயில். எல்லாம் அந்த ஒரே நிமிடத்தில். எங்கிருந்தெல்லாம் இந்த மெயில் திறக்கப்பட்டது என்ற பட்டியலில் திருச்சுழிக்கு நடுவே நான் கேள்விப்படாத ஏதோ ஒரு நாட்டு ஊர். முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றச் செய்தேன். வேறு எங்கெல்லாம் திறந்திருக்கிறதோ அத்தனையையும் மூடச் செய்தேன்.

கணேசனையும் அவர் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒரு நிமிஷத்துல நாப்பத்தோரு மெயில். எவ்வளவு வேகமா டைப் அடிக்கிறவுகளாலயும் முடியாது. இது இவுக அனுப்புனதில்ல."

கணேசன் பட்டியலை மேலும் கீழுமாக இரண்டு தடவை நகர்த்திப் பார்த்தார். அவர் முகம் மாறியது. அம்மாவுக்கு மாறவில்லை.

"தானா எழுதிக்கிச்சாக்கும்? எங்க வீட்டு ஆட்டுக்கல்லு ஒரு நாளும் தானா மாவு ஆட்டுனதில்லையே தாயி."

"உள்ள ஒரு கள்ள புரோகிராம் இருக்கும்மா. அது அனுப்பியிருக்கு."

"சரி, அதுவே அனுப்புச்சுன்னு வையி. அதை உள்ள விட்டது யாரு? எந்நேரமும் அதுக்கு முன்னால உக்காந்திருக்கிறது யாரு? எந்தக் கழுதையோ அனுப்புனதை இவ தொறந்து பாத்திருப்பா. தொறக்குற அளவுக்கு என்ன சிநேகம்?"

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்தியில் அந்தக் குரலைக் கேட்டவர் அவர். கேட்ட கேள்வியும் சரியான கேள்விதான். யார் உள்ளே விட்டது?

மூன்றாவது வேலையைத் தொடங்கினேன். மிஷினுக்குள் இருக்கும் எதையும் எழுப்பாமல், என் பென்டிரைவிலிருந்தே அதை இயக்கி, உள்ளே இருப்பவற்றைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்ப்பது. போட்டோக்களும் பத்திரிகை ஃபைல்களும் தனியே காப்பி ஆகிக்கொண்டிருந்தன. போட்டோ, கடிதம் மட்டும் எடுக்க வேண்டும். புரோகிராம் ஒன்றையும் எடுக்கக் கூடாது. காப்பி முடிய நாற்பது நிமிடம் காட்டியது. மகேஸ்வரி ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்காமலே பேசினாள்.

"மவுஸ் பிடிக்க மாமாவுக்கு நான்தான்க்கா சொல்லிக் குடுத்தேன். மழை எங்க பெய்யும்னு பாப்பாக, மல்லி விலை பாப்பாக. உர மூட்டையில அச்சடிச்சிருக்கிறதைக்கூட கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுத்தான் பிரிப்பாக, படிக்கப் படிக்க பென்சில்ல டிக் போட்டுக்கிட்டே. அவ்வளவு நிதானம். ஆனா கையெழுத்துப் போட்டா மட்டும் இனிஷியலை விட்டுருவாக. பயிர்க் காப்பீட்டு மனு அதுக்காகவே ஒரு தடவை திரும்பி வந்துச்சு. அதுலருந்து நான் எதை நீட்டுனாலும் 'மாமா, இனிஷியல்'ம்பேன். சிரிச்சுக்கிட்டே போடுவாக." மூக்கை உறிஞ்சினாள். "அஞ்சு நாளா அவுகளும் என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கிறாக. அத்தை பேசுறதுகூட இல்லக்கா. மாமா பேசாம இருக்கிறதுதான்."

பட்டியல் வந்தது. மூன்று வாரத்துக்கு முந்திய புதன்கிழமை, மத்தியானம் 2.40க்கு ஒரு ஜாதக சாஃப்ட்வேர் ஏற்றப்பட்டிருக்கிறது. 2.43க்கு, மறைத்து வைத்த ஃபோல்டர் ஒன்றில் இன்னொரு ஃபைல். மிஷினுக்கு வேண்டிய ஃபைல் போலவே பெயர், ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். மிஷினைப் போடும்போதெல்லாம் தானும் எழுந்துகொள்ளும்படி தன்னைப் பதிந்து வைத்திருந்தது. அதுதான்.

ஜாதக ஃபோல்டருக்குள் இரண்டே பெயர்கள் சேமிக்கப்பட்டிருந்தன. கணேசன். மகேஸ்வரி.

கீபோர்டைத் தூக்கித் தள்ளி வைத்தபோது அடியில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பழைய காலத்துக் கையெழுத்து. '1. ஆன்டிவைரஸை நிறுத்தவும். 2. ஜாதகம் என்பதை ஏற்றவும். 3. சாவி என்ற ஃபைலை இரண்டு முறை தட்டவும். 4. ஆபத்து என்று சொன்னால் சரி என்று கொடுக்கவும்.' ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு டிக்.

மகேஸ்வரி தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தாள். தாளை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கொல்லைப்புறம் துவைக்கிற கல் பக்கம் போய் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏத்துன அன்னிக்கு அந்தப் பிள்ளை வீட்டுல இருந்துச்சா?" என்று கேட்டார்.

"புதன்கிழமையானா அச்சாபீசுக்குப் புரூஃப் குடுக்க நம்ம ஊருக்கு வந்துருமாம். அந்தம்மா மத்தியானம் படுத்துருவாக. நேரத்தைச் சொன்னாலே போதும் அண்ணாச்சி, இவ மேல தப்பு இல்லைன்னு ஆயிரும். ஆனா நேரத்தைச் சொன்னா பெரியவர் பேரைச் சொன்ன மாதிரிதான். எதுக்கு சாதகம் பாத்தாருன்னும் கேப்பாக. கல்யாணமாகி ரெண்டரை வருசமாகுது. பிள்ளை இல்ல."

அவர் ஏதாவது சொல்வதற்கு முன் நானே தொடர்ந்தேன்.

"சொல்லாம இருந்தா ஞாயித்துக்கெழமை இந்தப் பிள்ளை போயிரும். நான் சொல்லத்தான் போறேன்" என்றேன். அண்ணாச்சியிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சொல்லும்மா. வேணாம்னு நான் சொல்லலையே. நான் வர்ற வரைக்கும் பொறு. கார்டை எழுதாம வச்சிரு."

ஒன்றேகாலுக்கு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். புழுதி படிந்த சட்டையோடு, "தாயி, ஒரு சொம்புத் தண்ணி" என்று கணேசனின் அம்மாவிடம் கேட்டு வாங்கிக் குடித்தார். உள்ளே வந்து, கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "ஐயா, இந்த வொயரைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீகளா? இந்தம்மாவுக்குக் கழுத்து வலி" என்று சோலைச்சாமியைக் கூப்பிட்டார். அன்று எனக்குக் கழுத்து வலி இல்லை.

பிடிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. பெரியவர் ஒரு வொயரைப் பிடித்தபடி நின்றார். அண்ணாச்சி வேலையைப் பார்த்துக்கொண்டே, யாருக்கோ சொல்வது போல, ட்ரோஜன் என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டு போனார். நல்ல பொருள் பேரில் வரும். நம்பித்தான் உள்ளே விடுவோம். படித்தவர்கள், பெரிய ஆபீசர்கள் எல்லோருமே விட்டிருக்கிறார்கள்.

"சீமைக் கருவேல மரம் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் பெரியவர் மெதுவாக. "வெறகுக்கு ஆகும்னுதான் வெதைச்சாக. கம்மா பூராவும் அதுதான் இப்ப."

"அதேதான்யா."

"வெட்டுனாப் போதாதே. தூரோட எடுக்கணும்."

"அதான் எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தப் போறோம். இந்தக் கள்ளனை மட்டும் எடுத்தா, இன்னும் என்னென்ன வச்சுட்டுப் போயிருக்கான்னு நமக்குத் தெரியாது. போட்டோவெல்லாம் எடுத்து வச்சாச்சு. மத்ததெல்லாம் போயிரும்."

"எல்லாமே போயிருமா?"

"எல்லாமே."

பெரியவர் வொயரை விடவில்லை. அழிக்கும் வேலை தொடங்கித் திரையில் நூற்றுக்கு எத்தனை என்று எண் ஏறியதை அது முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். கீபோர்டுக்கு அடியில் இருந்த தாள் எப்போது காணாமல் போனது என்று நான் கவனிக்கவில்லை.

ஐந்து மணிக்கு மிஷின் சுத்தமாக எழுந்தது. ஆன்டிவைரஸ் போட்டு, போட்டோக்களை ஒரு தடவை சோதித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன். கார்டில் மற்றக் கட்டங்களை நிரப்பினேன். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் கார்டை என் கையிலிருந்து வாங்கி, அப்படியே பெரியவரிடம் நீட்டினார். வழக்கமாகக் கையெழுத்து வாங்குவது கூப்பிட்டவரிடம்தான். அதாவது கணேசனிடம்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கய்யா."

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பெயர். மிஷின். குறை. ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் படித்தார். விரல் நான்காவது கட்டத்தில் நின்றது.

"இது காலியா இருக்கே."

"அதுல நாங்க ஆளு பேரு எழுதுறதில்லய்யா" என்றார் அண்ணாச்சி.

"காலியா விட்டாக் கார்டு முழுசாகாதே."

அண்ணாச்சி கை கழுவப் போவது போலக் கொல்லைப்பக்கம் எழுந்து போய்விட்டார். நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை.

பெரியவர் பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் மெதுவாக எழுதினார். பிறகு தலை நிமிராமல், "கணேசா, அம்மாவைக் கூப்பிடு. மகேசும் வரட்டும்" என்றார்.

இருவரும் வந்ததும் கார்டை மேஜையில் வைத்தார். மகேஸ்வரிதான் குனிந்து படித்தாள். 'சோலைச்சாமி' என்று இருந்தது.

"நாந்தேன்" என்றார். "சாதகம் பாக்குற சாமான்னு தாலுகா ஆபீஸ் டீக்கடையில ஒருத்தன் பென்டிரைவ்ல குடுத்தான். எப்படிப் போடணும்னு அவன் சொல்லச் சொல்ல எழுதியாந்தேன். ஒரு வரி விடாமச் செஞ்சேன். ஆபத்து ஆபத்துன்னு அது சொல்லத்தான் செஞ்சுச்சு. நாலாவதுல சரின்னு குடுக்கச் சொல்லியிருந்துச்சு. குடுத்துட்டேன்."

"ஏங்க, நீங்களா? இந்த வயசுல எதுக்குங்க உங்களுக்குச் சாதகம்?" என்றார் அவர் மனைவி.

"இதுக ரெண்டுக்கும்தான். டவுனு சோசியர்ட்டப் போனா இன்னாரு மருமகளுக்குப் பாக்குறாகன்னு ஊரு பேசும். அந்தப் பிள்ளை காதுல விழுகும். வீட்டுலயே பாத்துக்கிட்டா ஒரு ஈ, காக்காய்க்கும் தெரியாதுன்னு நெனைச்சேன்." கண்ணாடியைக் கழற்றினார். "பேச்சு வரக் கூடாதுன்னு செஞ்சேன். நானே பேச்சைக் கூட்டியாந்து வாசல்ல விட்டுட்டேன். திங்கக்கெழமையே எனக்குச் சந்தேகந்தான். வாயைத் தொறக்க வரலை. அஞ்சு நாளா வரலை."

கணேசன்தான் கடைசியில், "என்னப்பா போட்டிருந்துச்சு அதுல?" என்றார்.

"எங்க போட்டுச்சு? கட்டம், தசை எல்லாம் காட்டுச்சு. புத்திர பாக்கியம்னு பக்கம் வந்ததும் நின்னுபோச்சு. சாவி போட்டாத்தான் தொறக்கும்னுச்சு. சாவியைப் போட்டேன். அப்பவும் தொறக்கலை."

கணேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினார். அவர் அம்மா குனிந்து, மேஜைக்குக் கீழே இருந்த கட்டைப்பையை எடுத்தார். மருமகள் முகத்தைப் பார்க்காமல், "இதுல உள்ள சீலையெல்லாம் கசங்கிப் போயிருக்கும்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு உள்ளறைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து பெரிய பையையும் எடுத்துப்போனார்.

"நாப்பத்தோரு பேருக்கும் நான் இன்னிக்கே மெயில் போடுறேன்" என்றார் கணேசன்.

"எம் பேரைப் போட்டே எழுது" என்றார் பெரியவர். "வீரசோழன் பாய்க்கு மட்டும் நான் நேர்ல போய்ச் சொல்லிக்கிறேன்."

மகேஸ்வரி கார்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

"அஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கலை மாமா. நீங்களும் என்னைத் தப்பா நெனைச்சுட்டீகன்னுதான் நெனைச்சேன்."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு என்கிற வார்த்தை அந்த வீடுகளில் பெரியவர்கள் சொல்லிப் பழகியதில்லை. அண்ணாச்சி கொல்லைப்பக்கக் கதவில் ஈரக் கையோடு நின்றிருந்தார்.

ஜெயந்தி, அந்த மஞ்சள் கார்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காரணம் என்ற கட்டத்தில் ஒரு பெயர் வரலாம் என்றால், அது இப்படித்தான் வரலாம். நாம் எழுதக் கூடாது. உன் சாஃப்ட்வேர் அடுத்த பக்கம் போகவில்லை என்றால் ஒரு கோடு போடு. புருஷன் பெயரைப் பெரிதாக எழுதச் சொன்ன அந்தப் பெண்ணிடம், மிஷின் அதைத்தான் ஏற்றுக்கொள்கிறது என்று சொல்.

அன்று கடைசியாக மகேஸ்வரி அந்தக் கார்டை எடுத்தாள். இன்னொரு தடவை படித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதைப் பெரியவர் முன்னால் திரும்ப வைத்தாள், பேனாவோடு.

"மாமா, இனிஷியல்."

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, தன் பெயருக்கு முன்னால் இருந்த கொஞ்சூண்டு இடத்தில் 'மு.' என்று நெருக்கி எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.